தூராலேப் பண்ணையும் எழுதப்படாத உறுதியும்

காணி விற்பனைக்கு வருகிறது என்னும் விளம்பரத்தைக் கண்டால் எம்மவரிற் பலருக்குக் கண் அவ்விடத்தில் ஒரு கணம் நின்றுதான் நகர்கிறது. வாங்கும் வசதி கையில் உண்டா என்பது வேறு விடயம். காணியை விட்டு வந்தவருக்குக் காணியைப் பற்றிய எழுத்து வெறும் எழுத்தாகத் தோன்றுவதில்லை. எத்தனை பரப்பு, கிணறு நன்னீரா உவர்நீரா, எல்லை எது, உறுதி யாருடைய பெயரில் என்ற கேள்விகள் தாமாகவே நெஞ்சில் எழுந்துவிடுகின்றன.

அவுஸ்திரேலியாவின் நாட்டுப்புறப் பத்திரிகைகளில் இத்தகைய விளம்பரங்களுக்குக் குறைவில்லை. வரலாற்றுப் புகழ் வாய்ந்த குடும்பப் பண்ணை, மேய்ச்சல் தரையும் பாசன நிலமும் ஒருங்கே உடையது, ஆற்றங்கரையை அடுத்தது, நீருரிமையும் சேர்த்து விற்கப்படும் என்ற பாங்கில் அவை அமைந்திருக்கும். வரலாற்றுப் புகழ் என்னும் தொடர் அங்கே விலையைக் கூட்டுவதற்காக நிற்கிறது. அந்த வரலாறு யாருடையது, எங்கே தொடங்கியது, இடையில் யார் யாருடைய பெயர்கள் விடுபட்டன என்பவற்றை விளம்பரம் சொல்வதில்லை. அவற்றைச் சொல்லுதல் வரலாறு கற்பித்தோரின் கடமை என்று நாம் கருதுகிறோம். எனவே, இவ்வாறு விற்பனைக்கு வந்த ஒரு பண்ணையின் கதையை இவ்வாரம் வாசகர் முன் வைக்கிறோம்.

அப்பண்ணையின் பெயர் தூராலே. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடமேற்கில், பேர்க் என்னும் சிறு நகருக்குத் தென்மேற்கே, வரேகோ ஆறு டார்லிங் ஆற்றுடன் கலக்கும் இடத்தில் அது அமைந்துள்ளது. 2008 ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தபோது அதன் பரப்பளவு 91,383 ஹெக்டயர். அதாவது, ஏறத்தாழ 914 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டம் முழுவதுமே ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர்தான் என்பதை நினைவிற் கொண்டால் இந்த ஒரே பண்ணையின் அகலம் விளங்கும். ஏக்கருக்கு 16 பரப்பு என்னும் எமது கணக்கின்படி பெருக்கிப் பார்த்தால் 36 இலட்சம் பரப்பு வருகிறது. இத்தனை பரப்புக்கும் உறுதி எழுதிய நொத்தாரிசு யார் என்று எமது முதியவர்கள் கேட்கக்கூடும். அக்கேள்விதான் இக்கட்டுரையின் அடிப்படையுமாகும்.

ஆற்றின் மக்கள்

டார்லிங் என்னும் பெயர் ஆங்கிலேயர் தமது ஆளுநர் ஒருவரின் நினைவாக இட்ட பெயர். அந்த ஆற்றங்கரையில் எண்ணிறந்த தலைமுறைகளாக வாழ்ந்த மக்கள் அதனைப் பாகா என்றே அழைத்தனர். பாகந்தி என்பதன் பொருள் ஆற்றின் மக்கள் என்பதாகும். தூராலே அமைந்துள்ள பகுதி கூர்னு-பாகந்தி என்னும் பிரிவினரின் தாயகம்.

இம்மக்கள் நீரை ஆளத் தெரியாதவர்கள் அல்லர். ஆற்றின் மேற்புறத்தே பிறெவாரினா என்னும் இடத்தில் ஆற்றுப் படுகையிற் கற்களை வளைவு வளைவாக அடுக்கி அமைத்த மீன்பொறிகள் இன்றும் காணப்படுகின்றன. நீர்மட்டம் ஏறும்போதும் இறங்கும்போதும் மீன்கள் வந்து தங்கும் வண்ணம் அவை அமைக்கப்பட்டுள்ளன. எந்தக் குலத்தார் எந்தப் பொறியில் மீன் எடுப்பது, எப்போது பல குலத்தாரும் கூடுவது என்பவற்றுக்கெல்லாம் முறைமை இருந்தது. நீரைப் பங்கிடும் ஒழுங்கு ஒரு சமூகத்தில் இருக்கிறதென்றால் அங்கே உடைமை பற்றிய எண்ணமும் உண்டு என்பதை நாம் அறிவோம். எமது ஊர்க் குளங்களில் வாய்க்கால் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1829 இல் சாள்ஸ் ஸ்ரேர்ட் என்னும் ஆங்கிலேயர் இந்த ஆற்றைக் கண்டார். 1835 இல் தோமஸ் மிச்செல் என்னும் நில அளவையாளர் இங்கு வந்து மரக்கட்டைகளாற் சிறு கோட்டை ஒன்றை அமைத்து அதற்கு ஆளுநர் பேர்க்கின் பெயரைச் சூட்டினார். நகரத்தின் பெயர் அதிலிருந்து வந்ததே. அதே பயணத்தில் அவருடைய குழுவினருக்கும் ஆற்றங்கரை மக்களுக்குமிடையே மோதல் ஏற்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்குடிகள் உயிரிழந்தனர். அளவைச் சங்கிலியும் துப்பாக்கியும் ஒரே குழுவிற் சேர்ந்தே வந்தன என்பது கவனிக்கத்தக்கது.

அவர்களைத் தொடர்ந்து ஆட்டுமந்தைகள் வந்தன. அரசாங்கம் வகுத்த குடியேற்ற எல்லையைத் தாண்டிச் சென்று, தாம் விரும்பிய இடத்தில் மந்தையை நிறுத்தி, அந்த நிலம் தமது என்று கூறியோரை ஸ்குவாட்டர் என்று ஆங்கிலத்தில் அழைத்தனர். அத்துமீறிக் குடியேறியவர் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். அரசாங்கம் முதலில் இவர்களைத் தடுக்க முயன்றது. தடுக்க இயலாதபோது, 1836 இல் ஆண்டுக்கு 10 பவுண் செலுத்தினால் மேய்ச்சலுக்கு அனுமதி என்று விதித்தது. 1847 இல் நீண்டகாலக் குத்தகைக்கு வழி செய்யப்பட்டது. அத்துமீறல் அனுமதியாகி, அனுமதி குத்தகையாகி, குத்தகை பரம்பரைச் சொத்தாக மாறிய படிமுறை இதுவே. இந்த ஒழுங்குகள் எவற்றிலும் ஆற்றின் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. நிலம் யாருக்கும் உரித்தில்லாதது என்பதே சட்டத்தின் கருத்தாக இருந்தது.

மாமனிடமிருந்து மருமகனுக்கு

தூராலேயின் எழுதப்பட்ட வரலாற்றில் முதன்மையான பெயர் சாமுவேல் மக்கோகி. இவர் 1835 இல் அயர்லாந்தின் வடபகுதியில், பலிமீனா என்னும் ஊருக்கு அருகே பிறந்தவர். 1856 இல், தமது 21 ஆம் வயதளவில், தாய்மாமன் ஒருவரின் துணையோடு கப்பலேறி மெல்பேண் வந்து சேர்ந்தார். பண்ணைகளில் வேலை செய்து, மேற்பார்வையாளராகி, பங்காளராகி, பின்னர் சொந்தமாகப் பண்ணை வாங்கினார். 1880 இல் மற்றொரு தாய்மாமனாகிய சேர் சாமுவேல் வில்சன் இங்கிலாந்துக்குச் சென்றபோது அவரிடமிருந்து தூராலே, டன்லொப் என்னும் இரு பெரும் பண்ணைகளையும் மக்கோகி வாங்கினார். மாமனின் காணி மருமகனுக்குக் கைமாறிய கதையாகவே இது ஆவணங்களில் நிற்கிறது.

உச்ச நிலையில் அவரிடம் 12 பண்ணைகள் இருந்தன. அவற்றின் பரப்பு 30 இலட்சம் ஏக்கருக்கு மேல். ஒரு பருவத்தில் பத்து இலட்சம் ஆடுகள் வரை அவருக்காக உரோமம் கத்தரிக்கப்பட்டன. செம்மறி அரசர் என்று அவரை மக்கள் அழைத்தனர். 1888 இல் டன்லொப் பண்ணையில், கைக்கத்தரியை விடுத்து, வூல்சிலி என்பவரின் பொறிகளைக் கொண்டு ஒரு முழுப் பருவத்துக்குரிய ஆடுகளுக்கும் உரோமம் கத்தரிக்கப்பட்டது. உலகில் முதன்முதலாக இது நிகழ்ந்த இடம் அதுவே என்பர்.

1885 இல் புகையிரதப் பாதை பேர்க் நகரை அடைந்தது. ஆற்றில் நீர் இருந்த காலங்களில் துடுப்புச் சக்கரக் கப்பல்கள் கம்பளிப் பொதிகளைச் சுமந்து சென்றன. நீர் வற்றிய காலங்களில் ஒட்டகங்கள் சுமந்தன. அவ்வொட்டகங்களை ஓட்டியவர்கள் ஆப்கானியர் என்ற பொதுப்பெயரால் அழைக்கப்பட்டனர். அவர்களிற் பலர் உண்மையில் அன்றைய பிரித்தானிய இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். பேர்க் நகர மயானத்தில் தகரத்தால் அமைந்த சிறிய பள்ளிவாசல் ஒன்று அவர்களின் நினைவாக நிற்கிறது.

தூராலேயில் 1890 களில் எழுப்பப்பட்ட பெரிய வீட்டில் கண்ணாடிக் கூரையிட்ட நடன மண்டபம் ஒன்று இருந்தது. அதே பண்ணையின் கத்தரிக்கும் கொட்டகையில் 1892 ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இளைஞர் எடுபிடித் தொழிலாளியாக வேலை செய்தார். அவர்தாம் பிற்காலத்தில் அவுஸ்திரேலிய இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்பட்ட ஹென்றி லோசன். சிட்னியின் புலெட்டின் இதழின் பத்திராதிபர் ஆர்ச்சிபோல்ட், 5 பவுணும் ஒரு புகையிரதச் சீட்டும் கொடுத்து, நாட்டுப்புறத்தைக் கண்டு எழுதுமாறு அவரை அனுப்பியிருந்தார். புழுதியும் வெக்கையும் ஆட்டு மணமும் நிறைந்த அந்தக் கொட்டகை அனுபவம் அவருடைய கதைகளுக்கு உரமாயிற்று.

கத்தரிப்போரும் தொழிற்சங்கம் அமைத்துப் போராடிய காலம் அது. 1894 இல், வேலைநிறுத்தத்தை முறியடிப்பதற்கு ஆட்களை ஏற்றி வந்த றொட்னி என்னும் கப்பலைத் தொழிலாளர் டார்லிங் ஆற்றிலேயே தீயிட்டு எரித்தனர். நடன மண்டபத்தை மட்டும் விளம்பரத்திற் காண்போர் இக்கொட்டகையையும் எரிந்த கப்பலையும் காண்பதில்லை.

ஆதிக்குடிகள் எங்கே போயினர் என்று வாசகர் வினவலாம். அவர்களிற் பலர் எங்கும் போகவில்லை. அப்பகுதிப் பண்ணைகளிலேயே மந்தை மேய்ப்போராகவும் வேலி கட்டுவோராகவும் வீட்டுப் பணிப்பெண்களாகவும் வாழ்ந்தனர். பல இடங்களில் அவர்களுக்குக் கிடைத்த கூலி மாவும் சீனியும் தேயிலையுமே. தமது நிலத்தை விட்டுப் பிரியாதிருப்பதற்காகவே பலர் அதனைப் பொறுத்துக்கொண்டனர். வேறு பலருக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. அதே வடமேற்குப் பகுதியில், திபூபுராவில் வாழ்ந்த வங்குமாரா மக்கள் 1938 இல் அதிகாரிகளால் லொறிகளில் ஏற்றப்பட்டு, தொலைவிலுள்ள பிறெவாரினா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். லொறியும் முகாமும் என்ற இரண்டு சொற்களும் எம்மவருக்குப் புதியன அல்ல.

நிலத்துக்காக நீர் தேடிய காலம்

பேர்க் பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி சராசரியாக 350 மில்லிமீற்றர் அளவுதான். அதுவும் ஆண்டுக்காண்டு மாறும். இத்தகைய நிலத்தில் நிலம் எவ்வளவு இருந்தாலும் நீர் இல்லையேல் மந்தை இல்லை. மக்கோகியின் திறமை இதனை உணர்ந்ததிலேயே இருந்தது. அவர் ஆழ்துளைக் கிணறுகளைத் தோண்டுவித்தார். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தூராலேயில் வரேகோ ஆற்றுக்குக் குறுக்கே மண் அணைகள் எழுந்தன. வெள்ளம் வரும்போது அவை நீரைத் தடுத்து, பக்கத்துத் தாழ்நிலங்களிற் பரவச் செய்தன. நீர் பரவிய இடத்திற் புல் முளைத்தது. புல் முளைத்த இடத்தில் ஆடு பிழைத்தது. எமது நாட்டுக் குளக்கட்டின் அடிப்படையும் இதுவே.

இவ்விடத்தில் வாசகர் பலரும் அறியாத ஒரு தொடர்பைக் குறிப்பிட வேண்டும். அக்காலத்தில் அவுஸ்திரேலியாவில் நீர்ப்பாசனத்துக்காக முன்னின்று உழைத்தவர் விக்டோரியா மாநில அரசியல்வாதியான அல்பிரட் டீக்கின். ஆற்று நீரின் உரிமை அரசுக்குரியது என்ற கொள்கையை 1886 இல் விக்டோரியாவிற் சட்டமாக்கியவர் அவர். கலிபோர்னியாவிலிருந்து சாவி சகோதரர்களை அழைத்து மில்டூராவிற் பாசனக் குடியேற்றம் உருவாக வழி செய்தவரும் அவரே. அவர் 1890, 1891 காலப்பகுதியில் மெல்பேண் பத்திரிகை ஒன்றின் சார்பில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பயணம் செய்து, அங்குள்ள பாசன முறைகளை நேரிற் கண்டு எழுதினார். அக்கட்டுரைகள் 1893 இல், நீர்ப்பாசன இந்தியா என்று பொருள்படும் தலைப்புடன் நூலாக வெளிவந்தன. இலங்கையும் அந்நூலின் துணைத் தலைப்பில் இடம்பெற்றிருந்தது. எமது முன்னோர் கட்டிய குளங்களையும் அணைகளையும் பார்த்துப் பாடம் படிக்க வந்தவர் ஒருவர் இந்நாட்டின் பாசன வரலாற்றின் தொடக்கத்தில் நிற்கிறார் என்பது எமது பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி.

இன்னொன்றையும் அவர்கள் அறிய வேண்டும். 1901 இல் அவுஸ்திரேலியக் கூட்டாட்சி உருவானபோது அதன் முதலாவது சட்டமா அதிபர் இதே டீக்கின். பின்னர் அவர் மும்முறை பிரதமரானார். வெள்ளையர் அல்லாதோர் இந்நாட்டிற் குடியேறுவதைத் தடுக்கும் 1901 ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் வலியுறுத்திப் பேசியவரும் அவரே. குளம் கட்டும் அறிவை எம்மிடம் பெறலாம், குளம் கட்டியவரின் பேரப்பிள்ளைகள் மட்டும் வரக்கூடாது என்பதாக அக்கொள்கை இருந்தது. அது முற்றாக நீங்க 1973 வரை செல்லவேண்டியிருந்தது. எம்மவர் இங்கு அடைக்கலம் பெற்றமை அதன் பின்னரே இயல்வதாயிற்று.

மக்கோகியின் கதைக்குத் திரும்புவோம். 1890 களின் நடுவில் தொடங்கி 1902 வரை கொடிய வரட்சி நாட்டை வாட்டியது. 1891 அளவில் நியூ சவுத் வேல்ஸில் 6 கோடியாக இருந்த ஆடுகளின் தொகை, வரட்சி முடிந்தபோது 3 கோடிக்கும் கீழே இறங்கியது. அளவுக்கு மீறிய மந்தைகள் புல்லை வேரோடு மேய்ந்து தீர்த்த நிலங்களில் மேல்மண் காற்றோடு பறந்தது. மேற்குப் பகுதியின் துயரை விசாரிக்க அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டு, 1901 இல் மேற்கு நிலங்கள் சட்டம் இயற்றப்பட்டது. செம்மறி அரசருக்கும் அந்த வரட்சி ஒரு பாடமாயிற்று. அவர் தெற்கே மரம்பிட்ஜி ஆற்றங்கரையில் வட யாங்கோ என்னும் பண்ணையை வாங்கி, ஏறத்தாழ 200 மைல் நீளத்துக்கு வாய்க்கால்கள் வெட்டி, 40,000 ஏக்கருக்கு நீர் பாய்ச்சிக் காட்டினார். ஒரு தனிமனிதர் செய்ததை அரசு செய்ய இயலாதா என்ற கேள்வி எழுந்தது. அதன் விளைவாகப் பரின்ஜக் அணை கட்டப்பட்டு, 1912 இல் மரம்பிட்ஜிப் பாசனப் பிரதேசம் திறக்கப்பட்டது. மக்கோகி 1919 இல் மணமாகாதவராகவே வட யாங்கோவில் இறந்தார். அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களுக்கும், போரில் மாண்ட வீரர்களின் பிள்ளைகளின் கல்விக்கும் சென்றது. அவருடைய வீடு இருந்த இடத்தில் வேளாண்மைப் பாடசாலை ஒன்று இயங்கலாயிற்று. அவரைத் தீயவர் என்று தீர்ப்பளிப்பது எமது நோக்கமன்று. உழைப்பாளியாகவும் கொடையாளியாகவும் வாழ்ந்த ஒருவரின் செல்வத்துக்கு அடியிலும் எழுதப்படாத ஒரு கணக்கு இருந்தது என்பதையே நாம் சுட்டுகிறோம்.

நீருக்காக நிலம் வாங்கிய காலம்

தூராலே பின்னர் பல கைகள் மாறியது. குடும்பங்களின் கையிலிருந்த பெரும் பண்ணைகள் கம்பனிகளின் கைக்குச் சென்றன. ஆட்டு மந்தையோடு பருத்தியும் தானியமும் பயிராயின. 1960 களுக்குப் பின் பேர்க் பகுதியில் பருத்திச் செய்கை பரவியது. பெரிய பாசனப் பம்பிகளும் நீர்த்தேக்கங்களும் ஆற்றங்கரை நெடுகிலும் தோன்றின.

ஆறு எத்தனை பேருக்குத்தான் கொடுக்கும்? 1991 இன் இறுதியில் டார்லிங் ஆறு ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் நீளத்துக்கு நச்சுப் பாசி படர்ந்து பச்சையாகக் காட்சியளித்தது. முறே, டார்லிங் ஆறுகளின் வடிநிலம் பத்து இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. அவுஸ்திரேலியாவின் ஏழில் ஒரு பங்கு. அத்தனை பெரிய வடிநிலத்தின் நீரையும் கணக்கின்றிப் பங்கிட்டுவிட்டோம் என்ற உணர்வு அப்போதுதான் அரசுகளுக்கு ஏற்பட்டது. நீர் எடுப்பதற்கு உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் இயற்றிய நீர் முகாமைத்துவச் சட்டம் நிலத்தின் உரிமையையும் நீரின் உரிமையையும் வெவ்வேறாகப் பிரித்தது. அதன்பின், காணியை வைத்துக்கொண்டு நீரை மட்டும் விற்கலாம்; நீரை மட்டும் வாங்கலாம். கிணற்றுப் பங்கை உறுதியிலேயே எழுதி, பங்கில்லாத காணிக்கு விலை குறைத்துப் பேசும் எம்மவருக்கு இது வியப்பாகவும் இருக்கும், ஓரளவு விளங்கவும் செய்யும்.

2008 இல், அப்போதைய உரிமையாளரான கம்பனி தூராலேயை ஏலத்துக்கு விட முன்வந்தது. ஏலம் நடைபெறுமுன்பே, அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்தில், மத்திய அரசின் நிதியுதவியோடு நியூ சவுத் வேல்ஸ் அரசு 23.75 மில்லியன் டொலருக்கு அதனை வாங்கிற்று. ஆடு மேய்ப்பதோ பருத்தி விதைப்பதோ அரசின் நோக்கமன்று. பண்ணை எடுத்துவந்த நீரை ஆற்றுக்கே விட்டுவிடுவதுதான் நோக்கம். சராசரியாக ஆண்டுக்கு 2,000 கோடி லீற்றர் நீர் டார்லிங்குக்குத் திரும்பும், வெள்ள ஆண்டுகளில் அது 8,000 கோடி லீற்றர் வரை உயரும் என்று அரசு அறிவித்தது. எண் பெரிதாகத் தோன்றினாலும், அந்தச் சராசரி அளவு எமது இரணைமடுக் குளத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். யாழ்ப்பாண மாவட்டமளவு நிலம். இரணைமடுவில் ஒரு மூலையளவு நீர். வரண்ட நாட்டில் நீரின் அருமை இதனால் விளங்கும்.

1880 இல் நிலம் வேண்டி வாங்கினார்கள். நீர் அதற்குத் துணையாகத் தேடப்பட்டது. 2008 இல் நீர் வேண்டி வாங்கினார்கள். நிலம் அதனோடு சேர்ந்து வந்தது. 128 ஆண்டுகளில் மதிப்பு இவ்வாறு தலைகீழாயிற்று.

இந்த விற்பனையால் எல்லோரும் மகிழ்ந்தனர் என்று கூற இயலாது. பேர்க் மக்கள் கோபமுற்றனர். பண்ணை மூடப்பட்டால் அங்கு வேலை செய்தோரின் கதி என்ன, நகரசபைக்கு வரும் வரி என்னாவது, ஒரு வேலை இழந்தவன் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனால் பாடசாலையிற் பிள்ளைகள் குறைவார்களே என்று அவர்கள் வினவினர். அவர்களின் கவலை நியாயமானதே. வேலை இல்லாமையால் ஊர் கலைவது எப்படி என்பதை நாம் அறிவோம். ஆற்றின் கீழ்ப்புறத்தில் வாழ்ந்தோரோ, எமக்கும் குடிக்க நீர் வேண்டாமா என்றனர். அவர்களின் கேள்வியும் நியாயமானதே.

அணைகளை உடைத்து ஆற்றைத் திறந்துவிடுவதும் எளிதாக இருக்கவில்லை. நூறாண்டுக்கு மேலாக நீர் பரவிவந்த தாழ்நிலங்களில் மரஞ்செடிகளும் நீர்ப்பறவைகளும் அந்த நீரை நம்பி வாழப் பழகியிருந்தன. ஆற்றுக்கு நீர் விட்டால் சதுப்பு நிலம் வாடும். சதுப்பு நிலத்துக்கு விட்டால் ஆறு வாடும். நூறாண்டுத் தவறொன்றைத் திருத்த முயலும்போதும் அந்நூறாண்டிற் பிறந்து வளர்ந்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்னும் உண்மை இதனாற் புலனாகிறது. 2010 இல் தூராலே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பராமரிப்பிற் கூர்னு-பாகந்தி மக்களும் பங்குகொள்ளலாயினர்.

எழுதப்படாத உறுதி

இப்போது தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருவோம். தூராலேயின் முதலாவது உறுதியை எழுதியவர் யார்? ஒருவரும் எழுதவில்லை. மாமன் மருமகனுக்கு விற்றதற்கு எழுத்து உண்டு. கம்பனி அரசுக்கு விற்றதற்கு எழுத்து உண்டு. ஆற்றின் மக்கள் எவருக்கும் விற்றதாக எழுத்து இல்லை. அவர்கள் விற்கவுமில்லை, கொடுக்கவுமில்லை.

இவ்வுண்மையை இந்நாட்டின் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள 1992 யூன் 3 வரை சென்றது. மாபோ வழக்கு என்று புகழ்பெற்ற அத்தீர்ப்பில், அவுஸ்திரேலியா உரியவர் இல்லாத நிலமாக இருந்தது என்னும் பழைய கருத்து தள்ளப்பட்டது. 1993 இல் பூர்வீக உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1996 டிசெம்பரில் வெளிவந்த விக் வழக்குத் தீர்ப்பு, மேய்ச்சல் குத்தகை கொடுக்கப்பட்ட நிலங்களிலும் பூர்வீக உரிமை முற்றாக அழிந்துவிடுவதில்லை என்று கூறிற்று. குத்தகைக்காரரின் உரிமையும் ஆதிக்குடிகளின் உரிமையும் ஒரே நிலத்தில் அருகருகே நிற்கலாம் என்பதும், முரண்பாடு நேரும்போது குத்தகையே மேலோங்கும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

டார்லிங் ஆற்றின் வழியே வாழும் பாகந்தி மக்கள் 1997 இல் வழக்குத் தொடுத்தனர். 18 ஆண்டுகள் அவ்வழக்கு நீடித்தது. தொடக்கத்திற் சாட்சியாக நின்ற முதியோர் பலர் முடிவைக் காணாமலே மறைந்தனர். 2015 யூன் 16 அன்று, ஏறத்தாழ 1,28,000 சதுர கிலோமீற்றர் பரப்பின் மீது அவர்களுக்குப் பூர்வீக உரிமை உண்டு என்று கூட்டாட்சி நீதிமன்றம் அறிவித்தது. இலங்கையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு நிலம் அது.

அவர்களுக்கு வழக்கில் உதவியவை எவை என்பதை எம்மவர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவர்களிடம் பத்திரம் இல்லை, முத்திரை இல்லை. இருந்தவை இடப்பெயர்கள், மொழி, உறவுமுறை, எந்த வளைவில் எந்த முன்னோர் வாழ்ந்தார் என்ற நினைவு ஆகியவையே. பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த கதைகள் நீதிமன்றத்திற் சாட்சியமாக நின்றன.

ஆயினும் கதை அங்கே இனிது முடியவில்லை. உரிமை கிடைத்த சில ஆண்டுகளிலேயே ஆறு பல இடங்களில் வற்றிப்போயிற்று. 2018 இன் இறுதியிலும் 2019 இன் தொடக்கத்திலும் மெனின்டி என்னும் இடத்திற் பெருந்தொகையான மீன்கள் செத்து மிதந்தன. 2023 மார்ச் மாதத்தில் அதே இடத்தில் மீண்டும் மில்லியன் கணக்கில் மீன்கள் மடிந்தன. ஆற்றின் மக்களுக்கு ஆற்றின் மீது உரிமை உண்டு என்று தீர்ப்பு எழுதியாயிற்று. ஆற்றில் நீர் இருக்க வேண்டும் என்பதைத் தீர்ப்பால் மட்டும் நிறைவேற்ற இயலவில்லை.

எமக்கு இதில் என்ன?

வாசகரே, நாம் இந்நாட்டிற் கடைசியாக வந்து சேர்ந்தோருள் ஒரு சாரார். எம்மை அழைத்து வந்தது செல்வத்தின் மீதான ஆசையன்று. உயிரின் மீதான ஆசை. ஆயினும் நாம் இங்கு வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழும், கடன்பட்டு வாங்கும் வீட்டின் கீழும் உள்ள மண் எழுதப்படாத உறுதியைக் கொண்ட மண்ணே. எமது நிலம் எம்மைக் கேளாமற் பறிக்கப்பட்டது என்று உலகத்துக்கு எடுத்துரைக்கும் நாம், எமது காலடியிலுள்ள மண்ணின் கதையை அறியாதிருத்தல் முறையாகாது. உங்கள் பகுதியின் ஆதிக்குடிகள் யார், அவர்களின் மொழியில் உங்கள் ஊரின் பெயர் என்ன என்பதைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் பாடசாலையிற் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள்.

இரண்டாவது, எமது காணிகள் பற்றியது. ஊரிலுள்ள காணியை விற்றுவிட்டு இங்கே வீட்டுக்கு முற்பணம் கட்டலாமா என்ற பேச்சு பல குடும்பங்களில் நடைபெறுகிறது. விற்பதா வைத்திருப்பதா என்று கூற நாம் யார்? ஒவ்வொரு வீட்டின் நெருக்கடியும் அவ்வீட்டார் அறிந்தது. ஆனால் ஒன்று செய்யலாம். விற்பதாயினும் வைத்திருப்பதாயினும் அந்தக் காணியின் பெயரை, நாலு திக்கு எல்லையை, கிணற்றை, வேலியில் நின்ற மரங்களை, அங்கு பிறந்தோர் இறந்தோரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தோம்பில் இல்லாதது உங்கள் தாயாரின் நினைவில் இருக்கும். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது சற்றுக் கசப்பானது. அந்தக் கொப்பியை எழுதும்போது நேர்மையாக எழுதுங்கள். எமது உறுதிகளிலும் விடுபட்ட பெயர்கள் உண்டு. எமது தோட்டங்களுக்குக் கிணறு வெட்டியவர்கள், விடியற்காலையில் துலா மிதித்தவர்கள், புகையிலைக்குப் பட்டை பட்டையாக இறைத்தவர்கள், தலைமுறை தலைமுறையாக எமது வளவு மூலையிற் குடியிருந்தும் ஒரு பரப்புக்கேனும் உறுதி பெறாதவர்கள் என்று பலர் இருந்தனர். அவர்களும் இன்று எம்மோடு அகதிகளாகவே இந்நாடுகளில் வாழ்கின்றனர். மக்கோகியின் நடன மண்டபத்தைக் கண்டு கொட்டகைத் தொழிலாளியை மறந்த விளம்பரத்தை நாம் குறைகூறுகிறோம். அதே குறை எமது கொப்பியிலும் நேரலாகாது.

தூராலேயின் பெரிய வீடு பாழடைந்துவிட்டது.  வெள்ளம் வரும் ஆண்டுகளில் வரேகோவின் நீர் டார்லிங்கை வந்தடைகிறது. அந்தச் சந்தியின் பெயரைத் தமது மொழியிற் சொல்லத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் தமது பிள்ளைகளுக்கு அதனைச் சொல்லிக்கொடுத்தபடியாற்றான் நீதிமன்றம் வரை அப்பெயர் சென்றது. நாமும் எமது பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.